மூன்றாம் பத்தியில் ஒரு பிழை

எங்கள் பெரியம்மா பல்கலைக்கழகத்தில் முப்பத்து நான்கு வருடம் தட்டச்சாளராக இருந்தாள், அதில் பெரும்பகுதி கணிதத் துறை அலுவலகத்தில். அவளுக்குக் கணக்கு சுத்தமாக வராது. "ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டா, இரு வர்றேன்னு உள்ளே போயிடுவா" என்று என் அம்மா கிண்டல் செய்வாள். அம்மா அவளுக்கு ஒரே தங்கை. ஆனால் கமா எங்கே வரும், எங்கே வரக்கூடாது என்பதில் பெரியம்மாவை யாராலும் அசைக்க முடியாது. துறைத் தலைவரே எழுதிக் கொடுத்தாலும் கமா இடம் மாறியிருந்தால் தாளை எடுத்துக்கொண்டு போய் அவர் மேஜை முன்னால் நின்றுவிடுவாள். மாணவர்கள் அவளுக்கு 'கமா அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். "கேள்விக்குறின்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்பாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்த ஒன்பது வருடத்தில் வந்த வரன்கள் எல்லாம் போய்விட்டன. தாத்தா போன பிறகு யாரும் வரவில்லை. எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, அவளுடைய துணி அலமாரி. காலை எட்டே காலுக்குக் கிளம்புவாள். சாயங்காலம் விரல் நுனியெல்லாம் கார்பன் தாளின் நீலத்தோடு திரும்பி வருவாள். சோப்பு போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் அது போகாது.

துறை அலுவலகம் என்பது இரண்டு அறைகள். வெளி அறை பெரியம்மாவுடையது. உள்ளறை புரபசருடையது. நடுவில் இருந்த கதவை அவர்கள் சாத்தியதே இல்லை. புரபசர் நெட்டையான மனிதர். கரும்பலகையில் சாய்ந்துகொண்டே யோசிப்பதால் எப்போதும் முதுகில் சுண்ணாம்புப் பொடி இருக்கும். அவர் கையெழுத்தை அவர் மனைவியாலேயே படிக்க முடியாது. அதனால் கடிதங்களை எழுதுவதில்லை, நடந்துகொண்டே சொல்லுவார். பெரியம்மா அடிப்பாள். கணக்குக் குறியீடு வரும் இடத்தில் "இங்க ஒரு விரல் அகலம் விடுங்கம்மா" என்பார். நீளமான சமன்பாடு என்றால் "இங்க ரெண்டு வரி." கடிதம் அடித்து முடித்ததும் அந்த இடங்களில் பேனாவால் தானே நிரப்புவார். அடியிலிருக்கும் கார்பன் நகலை அதற்குள் அவள் உருவி கோப்பில் வைத்திருப்பாள்.

அந்தக் கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ஆளுக்குப் போனவை. கடிதம் போய்ச்சேர எட்டு நாள் ஆகும் தூரத்தில், வேறொரு நாட்டில் இருந்த இன்னொரு கணிதக்காரர். எங்கள் வீட்டில் அவரை 'கடிதக்காரர்' என்போம். புரபசரும் அவரும் முப்பது வயதுக்குள் ஏதோ ஒரு மாநாட்டில் ஐந்து நாள் ஒன்றாக இருந்தவர்கள். அதற்குப் பிறகு எல்லாம் தபாலில்தான். பெரியம்மா வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், கடிதத்திலேயே பேசிப் பேசி இரண்டு பேரும் ஒரு தேற்றத்தை நிரூபித்தார்கள். ஒரு வகைச் சமன்பாடுகளுக்கு விடை உண்டா இல்லையா என்பதைச் சொல்லும் தேற்றம். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துத்தான் அதை இன்றைக்கும் சொல்கிறார்களாம். அந்த வருடம் மட்டும் நாற்பத்தேழு கடிதங்கள் அடித்ததாகப் பெரியம்மா சொல்வாள்.

அதற்கப்புறம் கடிதங்களில் கணக்கு குறைந்துபோய், வருவது போவது பற்றிய பேச்சு அதிகமானது. "இந்தக் கோடையில் நிச்சயம் வருகிறேன்" என்று அவர் எழுதுவார். புரபசர் ரயில் நேரத்தையெல்லாம் விசாரித்து எழுதுவார். விசா வராது. அடுத்த வருடம் கடிதக்காரர் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. அதற்கடுத்த வருடம் இங்கே மாணவர் வேலைநிறுத்தம். இவர் அங்கே போகலாம் என்றால் விடுப்புக் கோப்பு எங்கேயோ மாட்டிக்கொள்ளும். பதினோரு தடவை ஒத்திப்போட்டதைப் பெரியம்மா எண்ணி வைத்திருந்தாள்.

கடிதக்காரரின் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் பெரியம்மாவுக்கென்று ஒரு வரி இருக்கும். "உன் தட்டச்சாளருக்கு என் வணக்கம். அவர் இல்லாவிட்டால் உன் கையெழுத்தைப் படிக்கவே நான் தனியாக ஒரு தேற்றம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்." ஒருமுறை அந்த நாட்டு அறிவியல் கழகத்தில் அவரைக் 'கடித உறுப்பினர்' ஆக்கினார்கள். முழு உறுப்பினருக்கு ஒரு படி கீழே உள்ள பட்டம் அது. வாழ்த்து அனுப்பி மூன்று மாதமாகியும் பதில் இல்லை. புரபசர் சிரித்துக்கொண்டே சொல்ல, பெரியம்மா அடித்தாள்: "கடித உறுப்பினர் ஆன நாளிலிருந்து உன்னிடமிருந்து கடிதமே இல்லை. முழு உறுப்பினர் ஆகிவிட்டால் உன்னை முழுவதுமாக மறந்துவிட வேண்டியதுதான்." அதற்கு வந்த பதிலில் அவளுக்கு இரண்டு வரி இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். அப்பா, "உனக்குத்தான் அவர் எழுதறாரு போல" என்றார். பெரியம்மாவுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

அந்தத் தேற்றம் வந்து ஏழெட்டு வருடம் கழித்து, கடிதக்காரருக்கு ஒரு பெரிய பதக்கம் கொடுக்கலாமா என்று ஒரு குழு யோசித்தது. புரபசரிடம் கருத்துக் கேட்டு ரகசியக் கடிதம் வந்தது. அவர் ஒரு முழுக் காலையும் நடந்து நடந்து பதில் சொன்னார். மூன்றாம் பத்தியில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை பற்றி வந்தது. அங்கே நின்றுவிட்டார். ஜன்னலண்டை போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சொன்னார்: "எங்கள் கூட்டு வேலையில் தீர்மானமான திருப்பம் அவருடையது."

பெரியம்மாவின் விரல் நின்றது. "சார், அப்படியே போடட்டுமா?"

"போடுங்கம்மா. பதக்கம் ஒருத்தருக்குத்தான் கொடுப்பாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடிச்சோம்னு எழுதினா அவனுக்குக் கிடைக்காது."

"ஆனா நீங்கதானே சார்..." தேற்றம் பிறந்த வருடத்துக் கடிதங்களில் ஒன்றை அடிக்கும்போது, "இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தா என்னம்மா" என்று புரபசர் அவளிடமே கத்தியது அவளுக்கு நினைவிருந்தது.

"அவனுக்கு இது தேவை. எனக்கு இங்க வேலை நிரந்தரம். அவன் நிலைமை அப்படியில்ல" என்றார்.

பதக்கம் கிடைத்தது. கொடுக்கும்போது படித்த பாராட்டுரையில் அந்த வரியையும் படித்தார்களாம், "அவருடைய கூட்டாளியே ஒப்புக்கொண்டபடி" என்று. புரபசருக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

இன்னும் பதினோரு வருடம் போயிற்று. பெரியம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. கடிதக்காரர் இப்போது கழகத்தில் முழு உறுப்பினர், பெரிய ஆள். புரபசர் பாடம் நடத்தினார், விடைத்தாள் திருத்தினார், மற்றவர்களின் மாணவர்களுக்குக்கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். சொந்தமாகப் பெரிதாக எதுவும் எழுதவில்லை. அந்த வருடம் குளிர் தொடங்கும் நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. வசந்தத்தில் கட்டாயம் வருகிறேன், விசா கையில் இருக்கிறது என்று எழுதிவிட்டு, கடைசியில், "உன்னைப் பற்றி இங்கே ஒரு நல்ல செய்தி அடுப்பில் இருக்கிறது. மூடியைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை" என்று எழுதியிருந்தார்.

புரபசர் அதை இரண்டு முறை படித்தார். "என்னம்மா இது, சமையல் கடிதம் எழுதறான்" என்றார். ஆனால் சாயங்காலம் அவர் மனைவி தொலைபேசியில் பெரியம்மாவைக் கூப்பிட்டு, "என்ன ஆச்சு இவருக்கு, பாட்டு பாடிக்கிட்டே வந்தாரு?" என்று கேட்டார். கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினர் பட்டத்துக்கு இவர் பெயரை யாரோ முன்மொழிந்திருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் ஊகித்தார்கள். புரபசர் வீட்டு மாடி அறைக்கு வெள்ளையடித்தார்கள். கடிதக்காரரின் மனைவிக்கு முழங்கால் சரியில்லை என்பதால் மாடிப்படியில் கைப்பிடி போட்டார்கள். புரபசர் மரக்கடையில் நின்று, எவ்வளவு உயரத்தில் இருந்தால் கைக்கு வசதி என்று பெரியம்மாவிடம் ஆலோசனை கேட்டார்.

அடுத்த கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. துறைக்கு வரும் எல்லாத் தபாலையும் பிரிப்பது பெரியம்மாவின் வேலை. பழக்கமான உறை, பழக்கமான கையெழுத்தில் புரபசரின் முகவரி. பிரித்து, தேதி முத்திரை போட்டு, பாதி படித்துவிட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது. உள்ளே இருந்தது புரபசருக்கு எழுதிய கடிதம் இல்லை. கழகத்தின் செயலருக்கு எழுதியது. ஒரே நாளில் இரண்டு கடிதம் எழுதி, உறை மாற்றிப் போட்டுவிட்டார்.

புரபசரைப் பற்றிக் கழகம் கேட்ட கருத்து அது. முதல் பத்தியில் அவர் எவ்வளவு நல்ல மனிதர் என்று இருந்தது. இரண்டாம் பத்தியில் எவ்வளவு நல்ல ஆசிரியர் என்று. மூன்றாம் பத்தி இப்படி: "நீங்கள் நேர்மையான கருத்தைக் கேட்டதால் சொல்கிறேன். அவர் பெயர் நிலைத்திருப்பது எங்கள் கூட்டுத் தேற்றத்தால். அதில் தீர்மானமான திருப்பம், அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டபடி, என்னுடையது. அதற்குப் பிறகு இந்தப் பட்டத்துக்கு ஏற்ற வேலை எதையும் அவர் செய்ததாக என்னால் சொல்ல முடியவில்லை. அவரை என் உடன்பிறந்தவராக நினைக்கிறேன்."

உள்ளறையில் புரபசர் யாருக்கோ பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியம்மா கடிதத்தை மடித்து மேஜையின் அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அன்று மத்தியானம் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்து, "ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு, "பல் வலி" என்றாள்.

மறுநாள் புரபசர் வகுப்புக்குப் போன நேரத்தில் பழைய கோப்பை எடுத்தாள். தேற்றம் பிறந்த வருடத்தின் நகல்கள். அந்தத் திருப்பம் யாருடைய கடிதத்தில் முதலில் வந்தது என்று பார்க்க நினைத்தாள். "இதைத் திருப்பிப் போட்டுப் பார்" என்ற வரி இருந்த நகல் கிடைத்தது. அதற்குக் கீழே இரண்டு வரி வெள்ளையாக இருந்தது. அடுத்த பக்கத்தில் ஐந்து இடங்களில் வெள்ளை. அவர் பேனாவால் நிரப்பியதெல்லாம் மூலக் கடிதத்தோடு போய்விட்டது. எதைத் திருப்பிப் போடச் சொன்னார் என்பது அந்தத் தாளில் இல்லை. இருந்திருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. "வேறொருவருக்கான கடிதம் வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பவும்." தந்தியும் அவள் கைக்குத்தான் வந்தது.

பெரியம்மா அதுவரை கடிதக்காரருக்குத் தன் பெயரில் ஒரு வரிகூட எழுதியதில்லை. அன்று எழுதினாள். வெள்ளைத்தாளை மெஷினில் சுற்றி, நகல் எடுக்காமல் அடித்தாள். கடைசிக் காலத்தில் அதை எனக்கு அப்படியே சொன்னாள்.

"ஐயா, உங்கள் கடிதம் இங்கே வந்துவிட்டது. வழக்கம்போல் நான்தான் பிரித்தேன். புரபசர் பார்க்கவில்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மூன்றாம் பத்தியில் ஒரு பிழை இருக்கிறது. உங்கள் பதக்கத்துக்காக அவர் சொன்ன கடிதத்தை அடித்தது நான். அந்த வரியை ஏன் சேர்த்தார் என்று அவர் என்னிடம் சொன்னார். உங்களுக்குப் பதக்கம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சேர்த்தார். அது உண்மை என்பதற்காகச் சேர்க்கவில்லை. நீங்கள் திருத்தி எழுதுவீர்கள் என்று நம்புகிறேன்."

கையெழுத்துப் போட்டு, இரண்டையும் ஒரே உறையில் வைத்து, மத்தியான இடைவேளையில் தானே நடந்து போய்த் தபாலில் சேர்த்தாள். திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்ததாம். "ஒரு தப்பைப் பார்த்தேன், சொல்லிட்டேன். அவ்வளவுதான்னு நெனச்சேன்டி" என்றாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது, புரபசருக்கு. நான்கு வரி. இந்த வருடமும் வர முடியாது. உடல்நிலை. மன்னிக்கவும். கீழே கையொப்பம். தட்டச்சாளருக்கு வணக்கம் இல்லை.

வசந்தத்தில் கழகத்தின் பட்டியல் வெளியானது. புரபசர் பெயர் இல்லை. கடிதக்காரர் முதலில் எழுதியதையே அனுப்பினாரா, மாற்றி எழுதினாரா, ஒன்றும் எழுதாமல் விட்டுவிட்டாரா என்பது யாருக்கும் தெரியவில்லை. புரபசர் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "சரி, வெள்ளையடிச்சதாவது மிச்சம்" என்று சிரித்தார். பட்டம் போனதை அவர் இரண்டு நாளில் மறந்துவிட்டார். கடிதம் நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவர் எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். உடம்பு எப்படி இருக்கிறது, எந்த மருத்துவர், நல்ல மருந்து இங்கே கிடைக்கும், அனுப்பட்டுமா. பதில் இல்லை. ஏழு மாதத்தில் ஆறு கடிதம். ஆறையும் பெரியம்மாதான் அடித்தாள். காலையில் தபால்காரர் வரும் சத்தம் கேட்டால் உள்ளறையில் நாற்காலி நகரும். அவள் தபால் கட்டைப் பிரித்து அடுக்குவதைக் கதவருகில் நின்று பார்ப்பார். அவள் நிமிரமாட்டாள்.

எட்டாவது மாதம் ஒருநாள், "நான் ஏதோ தப்பா எழுதிட்டேம்மா" என்றார். "இல்லாட்டி அவன் இப்படி இருக்கமாட்டான். கடைசி ரெண்டு வருஷத்து நகலை எடுங்க. பார்த்துடலாம்."

மூன்று மத்தியானம் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படிப்பார். "இதோ, முழங்கால் பத்திக் கேலி பண்ணியிருக்கேன். இது அவன் வீட்டம்மாவுக்குக் கஷ்டமா இருந்திருக்குமோ?" பெரியம்மா, "இல்ல சார், அது நல்லாத்தான் இருக்கு" என்பாள். "இது? அவன் மாணவனோட கட்டுரையில ஓட்டை இருக்குன்னு எழுதியிருக்கேனே?" "அதுக்கு அவரே நன்றி சொல்லி எழுதினாரே சார்." மூன்றாம் நாள் கோப்பை மூடிவிட்டார். எதுவும் கிடைக்கவில்லை.

"எதுவா இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுடறேன். தாளைப் போடுங்கம்மா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொல்லத் தொடங்கினார். "நான் எந்த வார்த்தையால் உன்னைப் புண்படுத்தினேன் என்று எனக்குத் தெரியவில்லை. அது எதுவாயினும்..."

மெஷின் சத்தம் வரவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். பெரியம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சார், நீங்க ஒண்ணும் எழுதல. நான்தான் எழுதினேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். உறை மாறியது, தந்தி, தான் எழுதிய கடிதம். அவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். முடிந்ததும், "என்ன எழுதியிருந்தான்? மூணாம் பத்தி?" என்றார். ஒருமுறை படித்தால் அவளுக்கு எதுவும் மறக்காது. சொன்னாள். 'உடன்பிறந்தவராக நினைக்கிறேன்' வரைக்கும் சொன்னாள்.

"அது நான் எழுதிக் கொடுத்த வரிதானேம்மா. அவன் நம்பினதுல என்ன தப்பு?"

"அது உண்மையில்லையே சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. அவருக்குத் தேவைன்னு."

"தேவைன்னு சொன்னேன். பொய்யின்னு சொன்னேனா?" அவர் குரல் உயரவில்லை. "அந்த வருஷம் யார் எதை முதல்ல சொன்னோம்னு எனக்கே தெரியாது. நான் திருப்பிப் போடுன்னேன். அவன் அதுக்கு முந்தின கடிதத்துலயே பாதி திருப்பியிருந்தான். நாம பெரிய மனசோட விட்டுக்கொடுக்கறோம்னு எனக்கு அன்னைக்கு ஒரு நெனப்பு. நல்லாத்தான் இருந்துச்சு அந்த நெனப்பு. அதை வெச்சு நீங்க அவன்கிட்ட போய், அவன் பதக்கம் நான் போட்ட பிச்சைன்னு சொல்லியிருக்கீங்க."

"நான் அப்படி எழுதல சார்."

"அவன் அப்படித்தான் படிச்சிருப்பான்."

புரபசர் எழுந்தார். மெஷினிலிருந்த தாளைத் தானே உருவினார். "எனக்கு அந்தப் பட்டம் எதுக்கும்மா? அவன் வந்து ரெண்டு நாள் இருந்தா போதும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். போகும்போது கதவைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவர் கடிதக்காரருக்குக் கையால் எழுதினார். அந்தக் கையெழுத்தில், யாராலும் படிக்க முடியாத அந்தக் கையெழுத்தில், எழுதித் தானே தபாலில் போட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு உறை வந்தது. புரபசர் பெயருக்கு மேலே 'நேரில் பிரிக்கவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. பெரியம்மா அதைப் பிரிக்காமல் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, "நன்றிம்மா" என்றார்.

அந்த வருடக் கடைசியில் அவளே மாற்றல் கேட்டு மாணவர் சேர்க்கைப் பிரிவுக்குப் போய்விட்டாள். புரபசர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகச் சொல்லவும் இல்லை. வழியில் பார்த்தால் நின்று, "நல்லா இருக்கீங்களாம்மா? தங்கச்சி பொண்ணு நல்லா இருக்காளா?" என்று மறக்காமல் கேட்பார். "அவர் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று பெரியம்மா அம்மாவிடம் ஒருமுறை சொன்னாள். ஏன் என்று அம்மாவுக்கு அப்போது தெரியாது.

மூன்று வருடம் கழித்துக் கடிதக்காரர் வந்தார். அவர் மனைவி வரவில்லை. முழங்காலுக்கு அந்தப் பயணம் முடியாது என்றார்களாம். இரண்டு நாள் இருந்தார். துறையில் ஒரு சொற்பொழிவு, நூலகத்தில் ஒரு தேநீர். அந்த இரண்டு நாளும் பெரியம்மா தன்னிடமிருந்த நல்ல துணியை உடுத்திக்கொண்டு, தலையை ஒழுங்காக வாரி, காலையில் அரை மணி முன்னாலேயே கிளம்பிப் போனாள். அவர் எப்படியும் தன் பிரிவுப் பக்கம் எட்டிப்பார்ப்பார், ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்திருக்கிறாள். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாளாம். அவர் வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் சேர்க்கைப் பிரிவு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மைதானத்து ஓரமாக இரண்டு கிழவர்கள் நடந்து போனார்கள். புரபசர் கையை ஆட்டி ஏதோ சொல்ல, மற்றவர் நின்று குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். முகம் சரியாகத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் அவள் கடிதத்தில் மட்டும் கேட்ட ஆளை அவள் பார்த்தது அவ்வளவுதான்.

புரபசர் ஓய்வு பெற்று ஆறாம் வருடம் இறந்தார். பெரியம்மாவும் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தாள். நானும் அவளும்தான் போனோம். புரபசரின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க போனப்புறம் அவருக்கு யார் அடிச்சாலும் பிடிக்கல" என்றார். அது அந்த அம்மாவுக்குத் தெரிந்த அளவு.

ஒரு வருடம் கழித்துத் துறையிலிருந்து ஒரு இளைய ஆசிரியை கணித இதழ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் கடிதக்காரர் புரபசரைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தார். பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து என்னிடம் நீட்டினாள். "எங்கள் தேற்றத்தின் திருப்பம் யாருக்கு முதலில் தோன்றியது என்று பிற்காலத்தில் ஒரு மத்தியானம் முழுக்க இருவரும் யோசித்தோம். இருவருக்கும் நினைவில்லை. அவர் என்னுடையது என்றார், நான் அவருடையது என்றேன்."

"அன்னைக்கு மைதானத்துல இதைத்தான் பேசியிருக்காங்க" என்றாள் பெரியம்மா. இதழை மூடி மேஜையில் வைத்தாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. "எந்த மைதானம் பெரியம்மா?" என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள்.

எழுபத்தோராம் வயதில் அவளுக்கு நுரையீரலில் நோய் வந்தது. பின்னறைக் கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்த்துப் படுக்க வைத்திருந்தோம். அப்போதுதான் நாலைந்து நாளாக, மூச்சு வாங்கி வாங்கி, இதையெல்லாம் எனக்குச் சொன்னாள். முடித்துவிட்டு, "ஒரு கடிதம் எழுதணும். நான் சொல்றேன், நீ எழுது" என்றாள்.

"அவருக்கா?"

"அவர் இருக்காரான்னு தெரியல. இருந்தா போகட்டும்."

மூன்று வரிதான் சொன்னாள். பல வருடங்களுக்கு முன் தான் எழுதிய கடிதத்தில் இருந்த பிழைக்கு வருந்துவதாகவும், தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதிவிட்டதாகவும், அவருடைய வணக்கங்களையெல்லாம் இன்னும் நினைவில் வைத்திருப்பதாகவும். படித்துக் காட்டச் சொன்னாள். ஒரு கமாவை எடுக்கச் சொன்னாள். கையெழுத்துப் போட அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

இருபது நாள் கழித்து அவர் மகளிடமிருந்து பதில் வந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்து பிரித்துப் படித்தேன். அப்பா இப்போது யாரையும் அடையாளம் காண்பதில்லை, என்னையும்தான், என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். ஆனாலும் உங்கள் கடிதத்தை அவருக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன போட்டிருக்கா? கேட்டுக்கிட்டிருந்தாரா?" என்றாள் பெரியம்மா.

"ஆமா பெரியம்மா."

"ஒண்ணும் சொல்லலையா?"

"அவருக்கு நினைவு இல்லை பெரியம்மா."

"சரி" என்றாள். கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, போய்விட்டாள்.